கடுகு தாளிக்காத சாம்பார்

ஊரெல்லாம் அம்மை என்று தெரிந்தும் பங்குனியில் பாண்டிச்சேரிக்கு யாராவது கிளம்புவார்களா? நான் கிளம்பினேன். பெரிய மார்க்கெட் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தங்கை சரசுவையும் அவளுடைய ஐந்து வயது மகளையும் கடலூருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷமாகிறது. எல்லையில் பெட்டியைக் கிளறுகிற தொல்லை இல்லை.

காலை ஏழு மணி பஸ். பதினாலு மைல், அறுபது நயா பைசா. தவளக்குப்பத்தில் நிறுத்தி எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். பின்சீட்டுக்காரர் ஒருவர் குதித்துக் கரும்புக் கொல்லைக்குள் ஓட்டம் பிடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

மார்க்கெட்டில் மீன் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது.

"மீன்காரங்க ஊரு பிள்ளைச்சாவடியில கட்டுப்பாடு போட்டுட்டாங்க சார். டவுனுக்கு வந்தா ஊருக்குள்ள சேக்க மாட்டாங்களாம்" என்றார் பூக்கடைக்காரர். அவரும் பூவை விட்டுவிட்டு வேப்பிலைதான் விற்றுக்கொண்டிருந்தார்.

வாசலில் வேப்பிலை செருகிய கடைகளில் ஈ காக்காய் இல்லை. தங்கை வீட்டு வாசலைப் பார்த்தேன். வேப்பிலை இல்லை. அப்பாடா! கடையாக இருந்த முன்கட்டில் பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வாங்க மச்சான்" என்று மாப்பிள்ளை இலை போட்டார். சரசு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாம்பாரில் கடுகும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. ரசமும் அப்படியே.

"இன்னாய்யா, எண்ணெய்க்குப் பஞ்சமா?" என்றார் எதிர் இலைக்காரர்.

"கடுகு கெடைக்கல சாமி" என்றார் மாப்பிள்ளை.

 அம்மை கண்ட வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள். எழுந்து உள்ளே போனேன். பாயில் குழந்தை, முகமெல்லாம் முத்து.

"கடையை மூடச் சொன்னேண்ணா, கேக்கல. தாளிக்க மட்டும் எனக்குக் கை வரல" என்று சரசு அழுதாள்.

"மூடிட்டா எதை வச்சுப் பொழைக்கிறது? வெளிய சொல்லிடாதீங்க மச்சான்." மாப்பிள்ளை கும்பிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அறைந்திருப்பேன்.

சரசு எழுந்தாள். குழந்தையின் தலைமாட்டிலிருந்த வேப்பிலையில் பாதியை எடுத்துக்கொண்டு, சாப்பிடுகிறவர்கள் நடுவே நடந்து போய் வாசலில் செருகினாள். பாதி இலையில் எல்லோரும் எழுந்தார்கள். "பாவிங்களா, எங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குடா!" என்று ஒருவர் கத்திவிட்டுப் போனார்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் முதலில் அம்மை குத்திக்கொள்ளுங்கள். அந்தப் புண் ஆறிய பிறகு கிளம்புங்கள். கட்டுச்சோறு கொண்டு வாருங்கள். திரும்பும் பஸ் மாலை நாலரைக்கு. நான் அதில் ஏறவில்லை. கடலூரில் எனக்கும் இரண்டு பிள்ளைகள். அம்மை இறங்கிக் குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் விடும்வரை இங்கேதான் இருக்கப்போகிறேன். இன்னும் விடவில்லை.