தனியாக ஒரு போட்டோ

கணவருக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு டயாலிசிஸ் செய்ய நான்தான் அழைத்துப் போகிறேன். அவர் பஸ்ஸில் கண்ணை மூடினால்கூட வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

அன்று டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, கீழ வீதியில் ஒரு ஸ்டூடியோ வாசலில் நின்றுவிட்டார்.

“தனியா ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். பெரிசா ஃபிரேம் போட்டுடலாம்” என்றார்.

எங்கள் வீட்டுச் சுவரில் தனியாக மாட்டியிருக்கும் படங்கள் எல்லாமே மாலை போட்டவை.

“நடு ரோட்டுல என்ன பேச்சு இது? வாயைக் கழுவுங்க” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை.

“அப்ப நீயும் தனியா ஒண்ணு எடுத்துக்க. யார் படம் முன்னாடி சுவத்துக்குப் போவும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?”

அவருடைய சாவைத் தினம் தினம் நினைத்த நான், எனக்கும் ஒன்று உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உள்ளே போய் கேமரா முன்னால் உட்கார்ந்தேன்.

“அடுத்த தடவை டயாலிசிஸுக்கு வரும்போது வாங்கிக்கிறோம்” என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார்.

அடுத்த தடவை அப்படியே கடையில் போய் நின்றோம். கடைக்காரர் இரண்டு படங்களையும் எடுத்து வைத்தார். என் கணவர் தன் படத்தில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“எவ்ளோ நாளாம்மா டயாலிசிஸ் பண்ணிக்கிறீங்க?”

பஸ் ஏறும்வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

இப்போதும் பஸ்ஸில் அவர் வயிற்றைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, நானும் கொஞ்சம் தூங்குகிறேன்.