மூன்று தடவை இறைத்த ஊற்று

ஆம்பூர்ப் பாலாற்று மணலில் ஊற்றுக்குழி முன் குந்தியிருக்கிறேன். தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவு குடிநீரில் கலக்கிறதா என்று சோதிக்க வந்தவன் நான். கரையில் ஜட்கா வண்டி காத்திருக்கிறது. அந்த அவசரத்தில், மஞ்சளாய்க் கிடக்கும் நீரைப் புட்டியில் மொண்டு, பார்த்த மாத்திரத்திலேயே ‘குடிக்க லாயக்கில்லை’ என்று சீட்டெழுதி ஒட்டுகிறேன்.

குடத்தோடு வந்த ஷெட்டில் வேலை செய்யும் பெண்ணொருத்தி புட்டியைப் பிடுங்கிக் கவிழ்க்கிறாள்.

“இன்னாய்யா, ராத்திரி தேங்குன தண்ணியப் புடிச்சினு போறீங்க? மூணு தபா எறச்சி ஊத்திட்டு, அப்பால ஊறுறத எடுங்க. எங்க தெருவே இதத்தான் குடிக்குது.”

கொட்டாங்கச்சியால் அவளே இறைக்கிறாள். மூன்றாம் தடவைக்குப் பின் நீர் தெளிந்து ஊறுகிறது. புட்டியில் பிடிப்பதற்கு முன் என் கையில் ஊற்றுகிறாள், குடிக்கிறேன்.

தேங்கியதை இறைத்துவிட்டு எடு என்பதுதான் இந்தச் சோதனை வேலையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமும். சீட்டைக் கிழித்துவிட்டு, மறுபடி குடிக்கக் கை நீட்டுகிறேன்.