அக்காவின் காலிபரும் என் இன்டர்வியூவும்

எங்கள் வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அக்காவின் காலிபர்தான். போலியோவில் சூம்பிய அவள் இடது காலை நிமிர்த்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம். நிற்கும்போது முழங்காலில் ஒரு பூட்டு டக்கென்று விழும். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அதைக் கழற்றி, ஸ்க்ரூவைத் தொலைத்து, நிறையக் குட்டு வாங்கியிருக்கிறேன்.

ப்ளஸ் டூ முடித்ததும் செயற்கைக் கால், காலிபர் செய்யும் படிப்புக்கு விண்ணப்பித்தேன். வேறு எதற்கும் போடவில்லை. சென்னையில் இன்டர்வியூ என்றதும், அக்காவுக்காகத்தான் இந்தப் படிப்பு என்று எங்கள் ஊர் அரவேணுவே என்னைத் தியாகி ஆக்கிவிட்டது. தேயிலை ஃபேக்டரி கிளார்க்கான அப்பாவுக்கு இது போதாதா? சாயந்திரமானால் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இன்டர்வியூ அதிகாரியாக என் எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுப்பார்.

"ஏம்மா இந்தப் படிப்பு?"

"எங்க அக்காவுக்காகங்க."

"அந்த எடத்துல நிறுத்தி, லேசாக் கண்ணைத் தொடச்சுக்கோ. சீட்டு நிச்சயம்."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதையா இருக்குது. என் காலைக் காட்டி சீட்டு வாங்குனீன்னா இந்த ஊட்டுப் பக்கம் வராத."

அவள் சொன்னால் செய்வாள். எனக்கோ சீட்டும் வேண்டும், அக்காவும் வேண்டும்.

இன்டர்வியூவில் அதே கேள்விதான் வந்தது. அப்பா கொடுத்தனுப்பிய கைக்குட்டையும் கையில் இருந்தது.

"எங்க வீட்ல ஒரு காலிபர் இருக்குதுங்க. அதைக் கழட்டி மாட்டறது எனக்குப் பிடிக்கும்."

"யாரோடது?"

"அக்காவோடதுங்க."

"அப்ப அக்காவுக்காகத்தான் படிக்கணுமா?"

"இல்லீங்க. அவகூட எப்பவும் சண்டைங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். போச்சு என்று நினைத்தேன். கிடைத்துவிட்டது. எல்லாம் தன் பயிற்சி என்று அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

அக்கா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, அங்கே என்ன சொன்னாய் என்று கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பொய்யா என்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து காலிபரின் வார்களை அவிழ்த்து, அதை என் மடியில் வைத்தாள்.

"சமதரையில பரவால்ல. இறக்கத்துல குதிகாலை ஊனுனா ஆளையே முன்னால தள்ளுது. ரோட்டுல இருந்து ஊட்டுக்கு எறங்கறப்ப தெனமும் பயமா இருக்குது. மொதல்ல அதைச் சரிபண்ணக் கத்துக்கிட்டு வா."

ரோட்டுக்குக் கீழே அந்தச் சரிவில்தான் நாங்கள் பிறந்ததிலிருந்து குடியிருக்கிறோம். தனக்குப் பயம் என்று அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.