ஏழாம் நம்பர் செயின்

அடி அண்ணாமலையில் ஒரு டிராக்டர் வாடகை ஷெட்டில் ஸ்டோர் பார்த்தவள் நான். கலப்பை, சேற்றில் ஓட்ட மாட்டுகிற கேஜ் வீல் எதுவும் என்னை அழவைத்ததில்லை. செயின்தான் அழவைத்தது. சேற்றில் புதைந்த வண்டியைக் கட்டி இழுக்கிற இழுவைச் செயின். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஏழு செயினும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. பிரித்தெடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

"ஏம்மா, செயினுக்கு சிக்கெடுத்து ஜடை பின்னப் போறியா?" என்று ஒரு டிரைவர் சிரித்தார்.

"பின்னி வச்சதே நீங்கதான்யா" என்றேன்.

அன்றைக்கே சட்டம் போட்டேன். வேலை முடிந்து வரும் செயினைக் கழுவணும், வெயிலில் காயவைக்கணும், கண்ணி கண்ணியாக வேஸ்ட் ஆயில் தடவணும், அதனதன் கொக்கியில் மாட்டணும். ஆறு செயின் சுவரில் ஒழுங்காகத் தொங்கின. ஏழாவது நாற்பதடி. அதை மாட்டியதும் கொக்கி காரையோடு பெயர்ந்து என் கால் பக்கத்தில் விழுந்தது. விட்டேனா? வாசலில், கிரிவலப் பாதை ஓரமாக நின்ற வேப்பமரத்துக் கிளையில் மடித்து மடித்துத் தொங்கவிட்டேன். பக்கத்தில் ஒரு தகர போர்டு: "7. நாற்பது அடி. கேட்காமல் எடுக்கக் கூடாது."

தப்பு அதில் இல்லை. ஆயுத பூஜை அன்று மற்ற சாமான்களுக்கு வைத்த மாதிரி அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

அடுத்த வாரம் பௌர்ணமி. காலையில் ஷெட்டைத் திறந்தபோது யாரோ செயின் முன்னால் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பத்து மணிக்கு எலுமிச்சை மாலை விழுந்தது. மத்தியானம் வரிசையே நின்றது.

"இது எந்த சாமிங்க?"

"போர்டு பாரு, ஏழுன்னு போட்டுக்குது. ஏழு முனியில கடைசி முனி."

"ஐயோ, அது செயினுங்க!" என்று கத்தினேன். "ஆமாம்மா, சங்கிலிதான் அவரு ஆயுதம்" என்று ஒருவர் எனக்கே விளக்கினார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் டிரைவர் ஏழுமலை ஓடிவந்தார். ஷெட்டுக்குப் பின்பக்கம் கூப்பிடு தூரத்தில்தான் அவர் உழப் போன நிலம். இடுப்பு வரைக்கும் சேறு.

"அக்கா, நடவுக்கு சேடை ஓட்டப் போன வண்டி சேத்துல பொதைஞ்சிடுச்சி. வாய்க்கா ஒடைச்சிக்கினு தண்ணி ஏறுது. இஞ்சின் முழுகுனா நான் அவ்ளோதான்க்கா! பக்கத்து நெலத்துக்காரர் வண்டி வரப்பு மேல ரெடியா நிக்குது. நாப்பதடி செயினு குடுங்க!"

மரத்துக்கு ஓடினேன். பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா கையை விரித்து மறித்தார்.

"கேக்காம எடுக்கக் கூடாதுன்னு எழுதிக்கிறாங்க. படிக்கத் தெரியாதா?"

"எழுதுனதே நான்தாம்மா!"

"யாரு எழுதுனா இன்னா? சாமிகிட்ட பூ கேளு. விழுந்தா எடுத்துக்கோ."

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம். வேறு வழியில்லாமல் ஒரு சாமந்தியைச் செயின் மேல் வைத்துக் கைகூப்பினேன். பூ விழவில்லை. எப்படி விழும்? கண்ணி விடாமல் வேஸ்ட் ஆயில் தடவியிருக்கிறேனே, பிசின் போலப் பிடித்துக்கொண்டது. ஏழுமலை அழுதே விட்டார். "சக்கரம் முழுகிடுச்சாம்க்கா, போன் வந்துச்சி." எனக்கு வந்த ஆத்திரத்தில், கண்ணை மூடிக் கும்பிடுகிற சாக்கில் மரத்தைத் தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தேன். பூ விழுந்தது. "அரோகரா!" என்றது கூட்டம்.

செயினை என்னிடம் கொடுப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்களே தோளில் சுமந்துகொண்டு வயலுக்கு நடந்தார்கள். வரப்பில் நின்ற டிராக்டர்க்காரர் ஒரு முனையைத் தன் கொக்கியில் மாட்ட வந்தார். பச்சைப் புடவை அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"சாமிய வண்டியில கட்டுவியா? நாங்க இல்ல? ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம்!"

தேர் வடம் பிடித்துப் பழகிய கைகள். புதைந்த வண்டியில் ஒரு முனையை மாட்டியதும் மற்றதைப் பிடித்துக்கொண்டார்கள். அரோகரா என்று ஒரு இழுப்பு. சேறு சப்பென்று சத்தம் போட்டது. மூன்றாவது இழுப்பில் வண்டி வரப்பில் ஏறி நின்றது, இஞ்சினில் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஏழுமலை வண்டியைத் தொடாமல் செயினைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எதற்கு மறைக்க?

பிறகு செயினை நான் கழுவினேன். அதை அபிஷேகம் என்று நின்று பார்த்தார்கள். அது காய்ந்ததும் மறுநாள் சுவரைக் குடைந்து, சிமெண்ட் வைத்து, ஷெட்டுக்குள்ளேயே புதுக் கொக்கி அடித்தேன்.

புதிதாக ஸ்டோருக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செயினைக் கழுவுங்கள், காயவையுங்கள், ஆயில் தடவுங்கள், நீளத்தை எழுதி உள்ளே மாட்டுங்கள். பொட்டு வைப்பதானாலும் உள்ளே வைத்தே வையுங்கள்.

ரிட்டயர் ஆன அன்று அடுத்து வந்தவரிடம் ஒவ்வொரு கொக்கியாகக் காட்டி ஒப்படைத்தேன். ஒன்று, இரண்டு, ஆறு வரைக்கும் சரியாகத்தான் போனது.

"இன்னாங்க மேடம், கன்னத்துல போட்டுக்கிறீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் கையைக் கீழே இறக்கினேன்.