வலிக்கிறது என்று சொல்ல வைத்தான் வேலவன்

ஆறுமுகப் பெருமானே, அஞ்சுவோர் அருகில் நிற்கும் ஐயனே, அடியேன் எழுதத் துணிந்ததைப் பிழையின்றி முடித்துத் தருவாயாக.

கார்த்திகைத் திங்கள், வளர்பிறைச் சஷ்டி, வெள்ளிக்கிழமை. காலைப் பூசை முடித்து இதனை எழுத அமர்ந்தேன். அடியார்களே, சினத்தோடுதான் எழுதுகிறேன். சினம் தணியட்டும் என்று பல ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டும் மாடியில் எனக்கு வேலை. தோட்டத்துக் கோயிலில் பதிகம் ஓதுவதும் என் பணி. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பேன். ஆகவே வலி என்பதே அறியாதவன் என்று தோட்டம் என்னைக் கொண்டாடியது. அந்தப் பெயரை நானும் விரும்பினேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாயிற்று. தோட்டத்திற்கு வந்த பல் மருத்துவர் ஒருவர் அதைப் பிடுங்க முற்பட்டார். அதிகாரியோ மருத்துவரோ வந்தால் தொழிலாளி கைகட்டி நிற்பதும், அவனுக்காகத் தோட்டக் கணக்கரான கிராணி பேசுவதும் எங்கள் வழக்கம். அன்றும் கிராணிதான் பேசினார். ஊசி போட்டும் மரக்கவில்லை. குறடு பிடித்ததும் கண்ணீர் வழிந்தது. மருத்துவர் தயங்கினார். என் தோளை அழுத்திப் பிடித்திருந்த கிராணியோ, இவனுக்கு வலிக்காது, இழுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"கன்னத்துல வேல் குத்திக்கிட்டு நடக்குற ஆளு, ஒரு பல்லுக்கு அழுவுறதா? சிரிப்பானுங்க லா, பாட்டுக்காரரே!"

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வாயை இன்னும் அகலத் திறந்தேன். பல் முறிந்தது. வேர் உள்ளேயே தங்கிவிட்டது.

யார் வலிக்கு யார் உறுதி கூறுவது? அலகு குத்துவதற்கு முன் நோன்பிருக்கிறோம், வேண்டுகிறோம், அருள் இறங்கக் காத்திருக்கிறோம். பல் பிடுங்கும் நாற்காலியில் யாருக்கு அருள் இறங்குகிறது? முருகன் தந்த அருளை எடுத்து என் வாயை அடைக்கும் துணியாக்கினார்கள். அதற்கு நானும் உடந்தையாக இருந்தேன்.

அதன்பின் பல மாதங்கள் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. கிராம்பை அடக்கிக்கொண்டேன். மெல்ல முடியாத நாட்களில் நோன்பு என்று பொய் சொன்னேன். ஆண்டவன் பெயரால் சொன்ன பொய்! மார்கழியில் தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. ஒரு விடியலில் பதிகம் ஓத நின்றேன். வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, "தொண்டைக்குள்ள போச்சுன்னா மூச்சு அடைச்சிரும். நாளைக்கே டவுன் கிளினிக்குக்குப் போயிருங்க" என்றார்.

உயிர் போய்விடுமோ என்ற கலக்கம். கருவறை முன் விழுந்து, மருத்துவரிடம் போகாமலே இந்நோய் தீரவேண்டும் என்று அழுதேன். பின்னால் நின்ற என் மனைவி அஞ்சலை கொழுந்து பறிப்பவள். பதிகம் அறியாதவள்.

"சாமிகிட்ட மட்டும் வக்கணையா சொல்றீங்க. டாக்டர்கிட்ட ஊமையா ஒக்காந்தா முருகனா வந்து வாயத் தொறப்பாரு?"

சுட்டது. மீண்டும் விழுந்தேன். "ஐயனே, நோயைக்கூடப் பிறகு பார்த்துக்கொள். அஞ்சுகிறேன் என்று சொல்லவிடாத இந்த நாணத்தை முதலில் அறுத்துவிடு" என்று வேண்டினேன்.

மறுநாள் கிளினிக்கில் இருந்தவர் ஓர் இளம் சீனப் பெண் மருத்துவர். வழக்கம்போல் கிராணியும் உடன் வந்து, வழக்கம்போல் எனக்காகப் பேசத் தொடங்கினார். மருத்துவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியிருந்த என் விரல்களைப் பார்த்தார். கிராணியைக் கையமர்த்திவிட்டு, "வலி அவருடையது, அவரே சொல்லட்டும்" என்றார் மலாயில்.

அடியார்களே, வேண்டிய வரம் அந்த நொடியில் வந்தது. திறவாத வாயிலிருந்து உடைந்த மலாய் வெளிப்பட்டது. "சாயா தாக்கூட், டாக்டர்." எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். முன்பு ஊசி மரக்காததைச் சொன்னேன். அழுததைச் சொன்னேன்.

"ஐயோ, தோட்டத்து மானத்த வாங்குறீங்களே!" என்றார் கிராணி.

மருத்துவர் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். என்னை இகழவில்லை. சீழ் கட்டிய இடத்தில் ஊசி மருந்து சரியாக ஏறாது என்றும், அது என் கோழைத்தனம் அன்று என்றும் விளக்கினார். அன்று சீழை வடித்து மருந்து மட்டும் கொடுத்தார். வீக்கம் வடிந்தபின் மீண்டும் வரச்சொன்னார். மீண்டும் போனபோது ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார், தட்டிப் பார்த்துக் கேட்டார். வலித்தால் இடக்கையை உயர்த்துங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றார். மூன்று முறை உயர்த்தினேன். மூன்று முறையும் நிறுத்தினார். நிறுத்துவார் என்று தெரிந்தபின் நான்காம் முறை உயர்த்தத் தேவைப்படவில்லை. வேர் வந்துவிட்டது.

மூச்சு நிலைத்தது, குரல் திரும்பியது. முருகா, உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் என் தலை என்றும் தாழும். அன்றுமுதல் எனக்காக எவரையும் பேசவிட்டதில்லை. எந்த மருத்துவர் முன் அமர்ந்தாலும், எங்கே வலிக்கிறது, முன்பு என்ன நடந்தது, எதற்கு அஞ்சுகிறேன் என்று கருவியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

பல்லைக் கடித்துப் பொறுப்பதே பக்தி என்று இன்னும் கோயில் வாசலில் பேசுவோர் உண்டு. அவர்களை நம்பாதீர். உங்கள் பயத்தை இறைவனிடம் சொல்லுங்கள். சொன்ன அதே வாயால் மருத்துவரிடமும் சொல்லுங்கள். கேளாத மருத்துவரானால் எழுந்து வாருங்கள், கேட்பவரை அவன் காட்டுவான்.

இதனைப் படிப்போர் யாவரும் நோயற்ற உடலும், நாணாமல் உரைக்கும் நாவும், உரைத்ததைக் கேட்கும் நல்லோர் துணையும் பெற்று, வேலவன் அருளால் நீடு வாழ்வார்களாக.