முந்நூற்று நாற்பதாம் பக்கம்

இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு ஒரே வேலை. ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டிய புத்தகங்களைத் தேடி எடுத்து, பக்கம் சரிதானா என்று பார்த்து முத்திரை குத்துவாள். 'பூதக்கண்ணாடி' என்று மாணவர்கள் வைத்த பெயரில் அவளுக்குப் பெருமைதான்.

அன்று பேராசிரியரின் அறைக்குள் கொதித்துப்போய் நுழைந்தாள். அவரிடம் ஆய்வு செய்யும், மாணவர் போராட்டக் குழுத் தலைவனின் ஆய்வேட்டில் பதினேழு மேற்கோள்கள் பொய்.

"விடுங்கம்மா, நம்ம பையன். நியாயத்துக்காகத்தானே எழுதியிருக்கான்? நீங்களும் நம்ம ஊர்வலத்துல வந்தவங்கதானே?"

"வந்தேன் சார், தொண்டை கிழியக் கத்தினேன். அதான் வயிறு எரியுது. நாளைக்கு எதிராளி இதைப் பிரிச்சுப் பார்த்தா, நம்ம எல்லார் மூஞ்சியிலயும்தான் கரி."

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமே உள்ள புத்தகத்தை அவர் மேசையில் பொத்தென்று போட்டாள்.

"முந்நூத்தி நாப்பதாம் பக்கம்னு எழுதியிருக்கான். எடுத்துக் காட்டுங்க, இப்பவே முத்திரை குத்தறேன்."