வெளி. வேலியடி. பகல்.

நேற்று மனைவி பீட்ரூட் வெட்டித் தரச் சொன்னாள். கை முழுக்கச் சிவந்துவிட்டது. கழுவாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பச்சை மண் வாசம் வந்தால் எனக்குச் சாப்பாடு ஞாபகம் வராது, வெட்டுத்தான் ஞாபகம் வரும். எங்கள் குறும்படத்துக்கு இரத்தம் காய்ச்சியது பீட்ரூட்டில்தான்.

படம் என்றதும் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்த குகன் கம்பஸில் படித்துக்கொண்டே படம் எடுத்துத் திரிந்தான். எங்கள் வேலிச் சண்டையை எப்போதோ அவனிடம் சொல்லிவிட்டேன். "மாமா, நீங்களே எழுதுங்கோ" என்று ஒரு கொப்பியைத் தந்தான்.

முறையும் சொல்லித் தந்தான். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்று எழுத வேண்டும். ஆள் முதன்முதல் வரும்போது பெயரும் வயதும். பேச்சு தாளின் நடுவில். ஒரு தாள் படத்தில் ஏறக்குறைய ஒரு நிமிஷமாம். நான் 'அண்ணைக்குச் சரியான நோ, வலி தாங்கவில்லை' என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டான்.

"நோவைக் கமரா எடுக்காது மாமா. கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் எழுதுங்கோ."

கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினேன். வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது பக்கத்து வளவு நடராசா, வேலிக்கு நடும் கதியால் தடியை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நடுவான். அந்த வருஷம் அண்ணை கதியாலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நடராசா கத்தியை ஓங்கி இறக்கினான். இரண்டு விரல்கள் ஓலைக்குள் விழுந்தன. கீழே விழுந்தவரை நெஞ்சிலும் வயிற்றிலும் மாறி மாறி மிதித்தான்.

அதற்குப் பிறகு நான் எழுதியது இது: 'தம்பி, 22 வயது, கதியாலுக்குக் குழி தோண்டிய இரும்பு அலவாங்கோடு பாய்கிறான். நடராசாவின் மண்டை பிளக்கிறது.'

முன்தாளில் பெயர் போடும் நேரம் வந்தது. "கதை எண்டு உங்கடை அண்ணையின்ரை பேர். அது அவரின்ரை வாழ்க்கை. திரைக்கதை எண்டு உங்கடை பேர். ஆனால் அவரிட்டைக் கேட்டுத்தான் போடவேணும்" என்றான் குகன்.

அண்ணை கடைசித் தாள்வரை வாசித்தார். எழும்பி என் கன்னத்தில் அறைந்தார். மூன்று விரல் கைதான், ஆனால் காது அடைத்துவிட்டது.

"நீ எப்பயடா பாய்ஞ்சனி? அலவாங்கைப் பிடிச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டெல்லோ நிண்டனி! உந்தப் பொய்க்கு என்ரை பேர் வேண்டாம்."

நான் மண்டை பிளந்த இடத்தை வெட்டினேன். 'தம்பி நிற்கிறான். கையில் அலவாங்கு. நிற்கிறான்' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "ஓம், இனிப் போடு" என்றார்.

வாசிகசாலையில் படம் காட்டினார்கள். விரல் விழுந்தபோது பெண்கள் முகத்தை மூடினார்கள். பிறகு தம்பி நின்றான். பின்வரிசையில் ஒரு பெடியன் கத்தினான்: "உவனென்ன மாடு மாதிரி நிக்கிறான்? அடியன்ரா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதிரைக்குள் சுருண்டேன். அண்ணை திரும்பிப் பார்த்தார்.

"அவன் பயந்திட்டான்ரா. அந்த வெட்டுக்கு முன்னாலை நீ நிண்டு பார், தெரியும்."

குகன் இப்போது கனடாவில். படம் இருந்த கணினி பழுதாகிவிட்டதாம், வேறு பிரதி இல்லை. நடராசாவின் பிள்ளைகள் மதில் கட்டிவிட்டார்கள். அண்ணையும் போன வருஷம் காலமாகிவிட்டார். அந்தப் படத்துக்கு எத்தனையோ பேரின் பேச்சை எழுதினேன். அன்று வாசிகசாலையில் எனக்காகப் பேசிய அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு சொல் வரவில்லை. இப்போது வருகிறது. கேட்க அவர் இல்லை.